சாப்பாட்டோடும் உடம்போடும் மல்லுக்கட்டும் ஒருவருக்கு எப்படித் துணை நிற்பது?

உங்களுக்கு நெருக்கமான ஒருவர் சாப்பாட்டு நேரம் வந்தாலே ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுகிறார். அல்லது சாப்பிட்டு முடித்த கையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். "நான் எவ்வளவு அசிங்கமா இருக்கேன் பாரு" என்கிறார். "சேச்சே, அழகாத்தானே இருக்கே" என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் அதே பேச்சு மறுபடி வருகிறது. இப்படி ஒருவருக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவருடைய உடம்பைப் பற்றி அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அந்த முயற்சியை விட்டுவிடுங்கள். வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன.

டயட்டா, நோயா?

எடை குறைக்க நினைக்கிறவர்கள் எல்லாருக்கும் நோய் இல்லை. ஆனால் படிப்பு, வேலை, நட்பு எல்லாம் பின்னுக்குப் போய், சாப்பாடும் எடையும் மட்டுமே நாள் முழுக்கத் தலைக்குள் ஓடினால் அது வேறு விஷயம்: உண்ணும் கோளாறு என்ற நோயாக இருக்கலாம். வெளியே கூப்பிட்டால், அங்கே என்ன சாப்பிட வேண்டி வருமோ என்ற பயத்திலேயே வர மறுப்பார்கள். ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டதற்கு நாள் முழுக்க உடைந்துபோவார்கள். காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விடமாட்டார்கள். மற்றவர்களுக்கு ஆசை ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பார்கள். உடம்பிலும் அடையாளங்கள் தெரியும்: மற்றவர்களுக்குப் புழுங்கும்போது இவருக்குக் குளிரும், மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும், முடி கொட்டும், தலை சுற்றும். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குக் காதுக்குக் கீழே, தாடைப் பக்கம் வீக்கமும், பல் எனாமல் தேய்ந்து கூச்சமும், சிலருக்கு விரல் முட்டிகளில் காய்ப்பும் இருக்கும்.

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைப்பது அனோரெக்சியா. கட்டுப்பாடு இழந்து நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி என்று போவது புலிமியா. ஈடுகட்டும் செயல் எதுவும் இல்லாமல், கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவது மட்டும் திரும்பத் திரும்ப நடந்தால் அது பிஞ்ச் ஈட்டிங். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாகச் சேர்ந்தது 2013-ல்தான். அதுவரை பலருக்கு "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்ற பட்டம்தான் கிடைத்துவந்தது. இந்த மூன்றிலும் அடங்காமல் அங்குமிங்கும் கலந்து வருவதும் சகஜம். என்ன பெயர் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை, அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

எலும்பும் தோலுமாக இருந்தால்தான் நோய் என்ற எண்ணத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நல்ல பருமனாக இருந்த ஒருவர் பட்டினி கிடந்து மளமளவென்று இளைத்தால், பார்ப்பதற்குச் சாதாரண எடையில்தான் இருப்பார். ஊரே பாராட்டும். உள்ளே இதயத் துடிப்பு குறைவது முதல் எல்லா ஆபத்தும் அவருக்கும் உண்டு. இது பெண்பிள்ளைகளின் வியாதி என்பதும் தப்பு. ஆண்களிடம் இது வேறு முகத்தோடு வரும்: போதுமான தசை இல்லை என்ற தவிப்பு, ஜிம்முக்கு ஒரு நாள் போகாவிட்டால் பதற்றம், புரதப் பொடியையும் தராசையும் சுற்றியே ஓடும் நாள். அதை 'ஃபிட்னஸ்' என்று நாமும் மெச்சிவிட்டுப் போய்விடுகிறோம்.

பேசுவதற்கு முன், பசி என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். இது புரிந்தால் உங்கள் கோபத்தில் பாதி குறையும்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். பட்டினியில் வாடும் மக்களுக்கு மறுபடி எப்படி உணவு கொடுப்பது என்று அறிவதுதான் நோக்கம். உடலும் மனமும் திடமாக இருந்த 36 ஆண்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அவர்களில் யாருக்கும் எடையைப் பற்றிய பயமோ கண்ணாடியைப் பற்றிய கவலையோ இருந்ததில்லை. ஆனாலும் என்ன ஆயிற்று? எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தார்கள். சின்னத் தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்காக வைத்துக்கொண்டு, தண்ணீர் கலந்து, பிசைந்து, நக்கிச் சாப்பிட்டார்கள். எரிந்து விழுந்தார்கள், சோர்ந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். பிறகு உணவு தாராளமாகக் கிடைத்தபோது, வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்காமல் சிலர் தவித்தார்கள்.

உங்கள் வீட்டில் இருப்பவரின் சிடுசிடுப்பு, பிடிவாதம், சாப்பாட்டைச் சுற்றிய வினோதப் பழக்கங்கள் எல்லாவற்றையும் அவருடைய குணம் என்று எழுதிவிடாதீர்கள். அதில் பெரும்பங்கு பசியின் வேலை. பட்டினியில் இருக்கும் மூளையிடம் தர்க்கம் எடுபடாது. மனம் தெளிந்தால் சாப்பிடுவார் என்று காத்திருப்பதைவிட, சாப்பாடு சீரானால் மனமும் மெல்லத் தெளியும் என்று நம்பித்தான் இன்றைய சிகிச்சைகள் நடக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பல நாள் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாத ஒருவருக்கு, அன்பு மிகுதியில் திடீரென்று வயிறு நிறைய ஊட்டிவிடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி, இதயத்தைப் பாதித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவருக்கு மருத்துவர் மேற்பார்வையில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

முதல் பேச்சு

சாப்பாட்டு வேளையில் வேண்டாம். சண்டைக்கு நடுவில் வேண்டாம். நான்கு பேர் சூழ்ந்துகொண்டு விசாரணை மாதிரி வேண்டவே வேண்டாம். அவர் அதிகம் நம்பும் ஒருவர், தனியாக, அவசரமில்லாத நேரத்தில் பேசட்டும். நேருக்கு நேர் உட்காருவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது பலருக்கு எளிது.

தீர்ப்பை எடுத்த எடுப்பில் வைக்காமல், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். ஒரு அக்கா தங்கையிடம் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"கொஞ்ச நாளா நீ எங்களோட உட்கார்ந்து சாப்பிடறதே இல்ல. நேத்து படி ஏறும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. எனக்குப் பயமா இருக்கு. திட்ட வரல, என்ன ஆச்சுன்னு கேட்கத்தான் வந்தேன்."

"ஒண்ணுமில்லக்கா. விடேன்."

"சரி, இப்பச் சொல்ல வேண்டாம். நான் மறுபடி வந்து கேட்பேன். கோச்சுக்காதே."

அவ்வளவுதான். முதல் முறையே எல்லாம் கொட்டிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்கு இது நோய் என்றே தோன்றாது. தன் கையில் இருக்கும் ஒரே கட்டுப்பாடு என்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மறுப்பார், கோபப்படுவார், அழுவார். சொன்னபடி இரண்டு நாள் கழித்து மறுபடி போய்க் கேளுங்கள். "அம்மா கிட்ட சொல்லாதே" என்று சத்தியம் கேட்டால் செய்யாதீர்கள். "ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தோணினா உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லுவேன், அதுக்கு முன்னாடி உன்கிட்டயும் சொல்லுவேன்" என்பது நேர்மையான பதில். பள்ளிப் பிள்ளை என்றால் பெற்றோருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

நல்லெண்ணத்தில் சொல்வதும் அங்கே வேறு மாதிரிப் போய் விழும். "இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு" என்றால் அவர் காதில் விழுவது "குண்டாயிட்டே". "உனக்கு இருக்கற கட்டுப்பாடு எனக்கு வரமாட்டேங்குதே" என்பது நோய்க்கு மாலை போடுவது. "உலகத்துல எத்தனை பேர் சோத்துக்கு இல்லாம இருக்காங்க" என்றால் குற்ற உணர்ச்சி கூடும், பசி கூடாது.

அப்புறம் அந்த ஓயாத கேள்வி: "நான் குண்டாயிட்டேனா?" இல்லை என்றால் நம்பமாட்டார், ஆமாம் என்று சொல்லவே முடியாது. பதில் சொல்லச் சொல்லக் கேள்வி வளரும். அதனால் கேள்விக்குப் பின்னால் இருப்பதைக் கேளுங்கள்: "இதுக்கு நான் என்ன சொன்னாலும் உனக்கு நிம்மதி கிடைக்காதுன்னு தெரியும். இன்னிக்கு என்ன நடந்துச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" பத்தில் ஏழெட்டுத் தடவை அங்கே ஒரு பரீட்சைப் பயமோ, யாரோ சொன்ன ஒரு கேலியோ இருக்கும். உடம்பைப் பற்றிய பேச்சு அதற்கு மேல் போட்ட மூடிதான்.

மருத்துவரிடம்

முதலில் ஒரு பொது மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவர் போதும். போவதற்கு முன் நீங்கள் கவனித்ததைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே போனதும் நோயாளி "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்பார். படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாந்தியும் பேதி மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது, உடம்பு கடைசிவரை சமாளித்துக் காட்டும். எடை பார்க்கும்போது தராசுக்கு முதுகு காட்டி நிற்க அவர் விரும்பினால், அதைக் கேட்டுக்கொள்ளலாம். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்றும் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

"எடை சரியாத்தானே இருக்கு, நல்லாச் சாப்பிடும்மா" என்று அனுப்பிவிட்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்து மனநல மருத்துவர், உளவியல் நிபுணர், இந்த நோயில் பழக்கமுள்ள டயட்டீஷியன். பதின்பருவத்தினரின் அனோரெக்சியாவுக்கு, லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவாகிய குடும்பம் சார்ந்த சிகிச்சையைப் பல நாடுகளில் முதலில் பரிந்துரைக்கிறார்கள். அதில் பெற்றோரை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. தொடக்கத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்ற முடிவு முழுக்கப் பெற்றோர் கையில் இருக்கும். உடம்பு தேறத் தேற அந்தப் பொறுப்பு பிள்ளையிடம் திரும்பிப் போகும். பெரியவர்களுக்கும், புலிமியா, பிஞ்ச் ஈட்டிங் உள்ளவர்களுக்கும் சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சை, அதாவது சிபிடி, நன்றாக உதவுகிறது. தேடும்போது "உண்ணும் கோளாறுகளுக்குச் சிகிச்சை கொடுத்து அனுபவம் உண்டா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளி எடைக்குப் பயந்து ஊசியைத் தவிர்க்கிறார் என்று சந்தேகம் வந்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரி?

மயங்கி விழுதல், நெஞ்சு வலி அல்லது படபடப்பு, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூட உள்ளே நிற்காத நிலை, குழறிய பேச்சு, குந்தி உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாத பலவீனம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மனநோய்களில் அதிக உயிரிழப்பு உள்ளவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. அந்த இறப்புகளில் ஒரு பகுதி தற்கொலை. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடன் இருந்து, அன்றைக்கே உதவி தேடுங்கள்.

சாப்பாட்டு மேசையில்

உண்மையான வேலை நடக்கும் இடம் இதுதான், சலிப்பூட்டும் வேலையும்கூட. மூன்று வேளைச் சாப்பாடு, இடையே இரண்டு மூன்று சிற்றுண்டி என்று நேரம் தவறாமல் நடக்க வேண்டும். என்ன சாப்பிடுவது என்பது மேசைக்கு வருவதற்கு முன்பே, சிகிச்சைக் குழு சொன்னபடி முடிவாகியிருக்கட்டும். தட்டு முன்னால் வந்தபிறகு பேரம் கிடையாது. "பாதி போதுமா?" என்று கேட்டால், "இது கஷ்டமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கதான் இருக்கேன். அடுத்த வாய் எடு" என்று சொல்லிவிட்டு, அவர் அன்று பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தையோ பக்கத்து வீட்டு நாயையோ பற்றிப் பேசுங்கள். கலோரி, சத்து, உடம்பு இந்த மூன்றும் மேசையில் வரக்கூடாது. நீங்களும் அதே மேசையில் சாப்பிடுங்கள். முடிந்ததும் ஒரு மணி நேரம் போலக் கூடவே இருங்கள்: சீட்டாட்டம், ஒரு தொடர், துணி மடிப்பது, எதுவானாலும் சரி. குற்ற உணர்ச்சி உச்சத்தில் இருப்பதும், வாந்தி எடுக்கத் தோன்றுவதும் அந்த நேரத்தில்தான்.

இதெல்லாம் பெற்றோருக்கும், சிகிச்சையில் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவருக்கும். நீங்கள் தோழன், தோழி, அலுவலக நண்பர் என்றால் காவல் வேலை உங்களுக்கு வேண்டாம். கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், தட்டை எட்டிப் பார்க்காதீர்கள். அவர் வரமாட்டார் என்று தெரிந்தாலும் ஒவ்வொரு முறையும் கூப்பிடுங்கள். சாப்பாடு இல்லாத இடங்களுக்கும் கூப்பிடுங்கள்.

லண்டன் மனநல மருத்துவர் ஜேனட் டிரெஷர், பராமரிப்பவர்கள் விழும் குழிகளை விலங்குகளின் பெயரால் பிரித்துக் காட்டினார். எல்லாச் சிரமத்தையும் தன் பைக்குள் வாங்கிக்கொள்ளும் கங்காரு, முட்டி மோதி வாதாடும் காண்டாமிருகம், எதையும் பார்க்க விரும்பாத நெருப்புக்கோழி, எதற்கும் கலங்கி அழும் ஜெல்லிமீன். அவர் பரிந்துரைப்பது டால்ஃபின்: கூடவே நீந்தி, சில நேரம் முன்னால் வழிகாட்டி, சில நேரம் பின்னால் தங்கிவிடுவது. பெரும்பாலான வீடுகளில் அப்பா காண்டாமிருகம், அம்மா கங்காரு. இருவரும் இரண்டு பேச்சுப் பேசினால் நோய் அந்த இடைவெளியில் நுழைந்துகொள்ளும். பிள்ளை இல்லாத நேரத்தில் உட்கார்ந்து முதலில் நீங்கள் இருவரும் ஒரே பேச்சுக்கு வாருங்கள்.

ஒளித்துவைத்த காலி உறைகள்

பிஞ்ச் ஈட்டிங் உள்ளவரின் கட்டிலுக்கு அடியிலோ பையிலோ ஒருநாள் காலித் தின்பண்ட உறைகள் குவியலாகக் கிடைக்கும். அவற்றை எடுத்து வந்து அவர் முன்னால் பரப்பிவைத்துக் கேட்காதீர்கள். அந்த உறைகளை ஒளிக்க வைத்ததே வெட்கம்தான், அதை இன்னும் ஒரு படி ஏற்றினால் அடுத்த முறை இன்னும் ஆழமாக ஒளிப்பார். அலமாரிக்குப் பூட்டு, "நாளையிலிருந்து ராத்திரிச் சாப்பாடு கட்" போன்றவையும் வேண்டாம். பகல் முழுக்க வயிற்றைக் காயப்போட்டால் இரவில் கட்டுப்பாடு உடையும், உடைந்ததற்குத் தண்டனையாக மறுநாள் மறுபடி பட்டினி. இந்தச் சுழல் நிற்க வேண்டுமானால் காலைச் சாப்பாட்டிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் காலைச் சாப்பாடு உண்டு.

வாந்தி எடுத்தவருக்கு ஒரு சின்ன விஷயம்: உடனே பல் தேய்க்க வேண்டாம், அமிலம் பட்ட எனாமல் இன்னும் தேயும். தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

வீட்டுப் பேச்சு

அவருக்கு மட்டும் இல்லை, வீட்டில் யாருக்கும் உடம்புக் கமெண்ட் கூடாது. "தொப்பை போட்டுடுச்சு, நாளையிலிருந்து நான் டயட்" என்று உங்களைப் பற்றியே நீங்கள் சொல்வதும் அதில் சேரும். எடை பார்க்கும் தராசு வீட்டை விட்டுப் போகட்டும். வருகிற உறவினரிடம் முன்பே போன் பண்ணி, "அவளைப் பார்த்ததும் இளைச்சுட்டே, பெருத்துட்டேன்னு எதுவும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

திரையில் பார்ப்பது இவ்வளவு பாதிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஃபிஜித் தீவில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே ஒரு பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதிலும் மூன்று ஆண்டு கழித்தும் ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் 1995-ல் ஒருவர்கூட இல்லை, 1998-ல் 11.3 சதவீதம். போனைப் பிடுங்குவதால் பயனில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பார்த்ததும் மனசு சுருங்க வைக்கும் சமூக ஊடகக் கணக்குகளை அவரே ஒவ்வொன்றாக நீக்கட்டும். எடை குறைப்புப் பதிவுகளில் 'இதில் விருப்பமில்லை' என்று அழுத்தி வந்தால் மெல்ல மெல்ல வரத்து குறையும்.

நீண்ட பாதை

குணமாகிறார்கள். ஆனால் வாரங்களில் முடியும் கதை இல்லை, மாதங்கள், சிலருக்கு வருடங்கள். எடை தேறிய பிறகும் தலைக்குள் இருக்கும் பயம் தேற நாளாகும். பார்க்க நன்றாக இருக்கிறார் என்று நடுவில் சிகிச்சையை நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. நீங்களும் களைத்துப்போவீர்கள். இன்னொருவரோடு முறை போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஒரு கவுன்சலர் தேவைப்பட்டால் தயங்காமல் போங்கள். அவருடைய தம்பி தங்கைகளை மறந்துவிடாதீர்கள். வீட்டின் கவனம் எல்லாம் ஒரே தட்டின் மேல் இருக்கும்போது அவர்கள் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவார்கள்.

நோய் திரும்பிவருவதும் உண்டு. வீடு மாறும்போது, கல்லூரி சேரும்போது, பரீட்சையின்போது, காதல் முறியும்போது, குழந்தை பிறந்த பிறகு கூடுதல் கவனம் தேவை. அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து, அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: மறுபடி சறுக்கினால் முதலில் தெரியும் அடையாளம் என்ன, அப்போது யார் வந்து பேசலாம், எந்த வார்த்தை உதவும், எந்த வார்த்தை எரிச்சலூட்டும், எந்த நிலை வந்தால் அவர் மறுத்தாலும் மருத்துவரிடம் கூட்டிப்போகலாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடமும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை கொடுப்பவருக்கும் ஒன்றைக் காட்டிவிடுங்கள்.